கிணறு நமது, நீர் ஊருடையது

இடப்பெயர்வுக்குப் பின் ஊர் திரும்பும் கமக்காரக் குடும்பம் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். வீட்டுக்குக் கூரை போடலாம், வேலி அடைக்கலாம், பற்றை வெட்டலாம். கிணற்று நீர் உவராகிவிட்டால் அந்தக் காணியில் என்ன செய்வது? 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர், போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் கட்டம் கட்டமாகத் தம் காணிகளுக்குத் திரும்பியிருக்கின்றனர். இன்னும் திரும்ப முடியாமல் இருப்போரும் உள்ளனர். வன்னியிலேயே காணி பெற்று நிலைத்துவிட்டோரும் உள்ளனர். இவர்கள் எல்லோரும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "இன்னும் இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணி வருமோ?"

இக்கேள்விக்கு ஊகத்தால் விடை சொல்ல வேண்டியதில்லை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், குறிப்பாக 1940ஆம் ஆண்டுக்கும் 1970ஆம் ஆண்டுக்கும் இடையில், அரசாங்கத் திணைக்களங்களைச் சேர்ந்தவர்கள் நம் நாட்டின் கல்லையும் மண்ணையும் தரைக்கீழ் நீரையும் காட்டு விலங்குகளையும் பொறுமையாக ஆராய்ந்து எழுதி வைத்துள்ளனர். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அலுவலகங்களிலும் நூலகங்களிலும் தங்கிவிட்டன. அவர்கள் கண்டறிந்தவற்றுள் நமது தோட்டத்துக்கும் வயலுக்கும் வேண்டியவற்றை இங்கே எளிய முறையில் தர முயல்கின்றோம்.

கல்லைப் படித்தவர்கள்

இலங்கையில் அரசாங்கத்தின் கனிப்பொருள் அளவை 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் கலாயோகி எனப் பின்னாளில் நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவர்கள். கலை வரலாற்றுக்கு வருமுன் அவர் கல்லைப் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1938ஆம் ஆண்டு முதல் 1944ஆம் ஆண்டு வரை இந்தியப் புவிச்சரிதவியலாளர் வாடியா அவர்கள் இங்கு அரசாங்கக் கனிப்பொருளியலாளராகப் பணியாற்றினார். அவருக்குப் பின் வந்த இலங்கையர் அந்த வேலையைத் தொடர்ந்தனர். அவர்களுள் ஒருவரான சிறிமான்ன 1952ஆம் ஆண்டு நீர் வழங்கலுக்குப் புவிச்சரிதவியல் எவ்வாறு உதவும் என்பதையே தமது உரைப் பொருளாக எடுத்துக்கொண்டார். மாணிக்கமும் காரீயமும் தேடிய அறிவு, குடிநீர் தேடவும் பயன்படத் தொடங்கிய காலம் அது. கூரே எழுதிய இலங்கைப் புவிச்சரிதவியல் நூல் 1967ஆம் ஆண்டு வெளிவந்தது.

இவர்களுடைய ஆய்வின் முதற் பாடம் இது: இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய, இறுகிய பளிங்குருப் பாறையின் மேல் இருக்கின்றது. எஞ்சிய பகுதியில் பெரும்பங்கு, வடமேற்கே புத்தளம் பக்கத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணக் குடாநாடு வரை நீளும் சுண்ணாம்புக்கற் பட்டை. இது ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் இரண்டு கோடி முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட மயோசீன் காலத்தில் ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. அந்தக் கல்லை நம்பியே 1950ஆம் ஆண்டு காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. அதே கல்தான் நமது கிணறுகளுக்கும் தாய்.

மிதக்கும் நன்னீர்

சுண்ணாம்புக்கல் மழைநீரில் சிறிது சிறிதாகக் கரையும். கரைந்த இடங்களில் வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளும் உண்டாகும். நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்றும், அதிலே போட்ட எலுமிச்சங்காய் கீரிமலையிலே மிதந்தது என்றும் நமது முன்னோர் கதை சொன்னார்கள். அக்கதையின் உள்ளே ஓர் உண்மை இருக்கின்றது. நிலத்தின் கீழே நீர் ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை, வழி கண்டு ஓடுகின்றது. கீரிமலையில் கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறி வருவது அந்த ஓட்டத்தின் ஒரு முனைதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதில் பெரும் பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அதில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு கடலுக்கும் கடனீரேரிக்கும் ஓடும், மிகுதி கல்லுக்குள் இறங்கும். இறங்கிய அந்தப் பங்கை வைத்துத்தான் அடுத்த மாரி வரை குடிப்பும் குளிப்பும் தோட்டமும் நடக்க வேண்டும்.

மூன்று பக்கமும் கடலும் கடனீரேரியும் சூழ்ந்த நிலத்தில், கல்லின் பொந்துகளுக்குள் கடல்நீரும் புகுந்தே இருக்கும். நன்னீர் அதைவிட இலேசானது. ஆகவே அது உவர்நீரின் மேல் மிதக்கின்றது. நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதனை வில்லை என்பர் அறிஞர். குடாநாட்டில் வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவுப்பகுதி என இத்தகைய நீர்த்தேக்கங்கள் தனித்தனியாக உள்ளன. பாலேந்திரன், சிறிமான்ன, ஆறுமுகம் ஆகிய மூவரும் குடாநாட்டின் தரைக்கீழ் நீரைப் பற்றி எழுதிய அறிக்கையை நீர்வளச் சபை 1968ஆம் ஆண்டு வெளியிட்டது. அச்சபை 1964ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றினால் அமைக்கப்பட்டதாகும்.

நாற்பதுக்கு ஒன்று

இங்கே ஒரு கணக்கை எல்லோரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். நாற்பது வாளி கடல்நீரின் நிறையும் நாற்பத்தொரு வாளி நன்னீரின் நிறையும் சமம். தராசின் இரு தட்டுகளைப் போல நிலத்தின் கீழே இவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எனவே கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தைச் சேர்ந்த கைபனும், பின் 1901ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் கடற்கரை நிலங்களில் கண்டு எழுதினர். நமது நாட்டு ஆய்வாளர்கள் குடாநாட்டு நீரை விளங்கிக்கொண்டதும் இக்கணக்கைக் கொண்டுதான்.

இதனை மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்து கோடை முழுவதும் அப்படியே நின்றால், கீழேயுள்ள உவர்நீர் நாற்பது அடி வரை மேலே ஏற இடமுண்டு. நடைமுறையில் நன்னீரும் உவர்நீரும் கலந்த ஒரு படையும் இடையில் இருப்பதால் உவர் அதற்கு முன்னரே நாக்கில் தெரியும். குடாநாட்டின் கிணறுகளில் மாரி முடிவில்கூட நீர்மட்டம் கடல் மட்டத்துக்குச் சில அடிகளே மேலே நிற்கின்றது. கோடை முடிவில் அது கடல் மட்டத்தை நெருங்கிவிடும். நமது கையிருப்பு அவ்வளவுதான்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. குடாநாட்டில் உவரான கிணற்றை இன்னும் இரண்டு முழம் ஆழமாக்கினால் நல்ல நீர் வராது. நாமாகவே உவரை நோக்கி இறங்குகின்றோம். குழாய்க்கிணறு அடித்து ஆழத்திலிருந்து இழுத்தாலும் இதுவே நடக்கும். உவர் கண்ட கிணற்றுக்கு இறைப்பைக் குறைத்து, மழைநீரைப் பக்கத்தில் இறங்கவிட்டு, சில மாரிகள் பொறுத்திருப்பதே மருந்து.

கடலுக்கு ஓடும் நீர்

மேற்படி மூவருள் ஒருவரான பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றியவர். 1969ஆம் ஆண்டு இலங்கையின் நீர்வளம் பற்றிப் பெரிய நூல் ஒன்றையும் தந்தவர். 1950களில் அவர் முன்வைத்த திட்டத்தையே யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று மக்கள் அழைத்தனர். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரி வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியில் தடுத்து நன்னீராக்கி, முள்ளியான் பக்கமாக வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்வது அவருடைய எண்ணம். தொண்டைமானாற்றில் கடல்நீர் உட்புகாமல் தடுக்கும் கதவணையும் அக்காலத்திலேயே கட்டப்பட்டது.

குடாநாட்டின் உள்ளே நுழையும் கடனீரேரியை நன்னீராக்கினால், பக்கத்துக் கிணறுகளை உவர் நெருக்காது, நீர்மட்டமும் உயரும். ஓர் அடி உயர்ந்தால் எவ்வளவு இலாபம் என்பதை மேலே கண்டோம். இத்திட்டம் முழுமை பெறவில்லை. சில வேலைகள் அரைகுறையாக நின்றன, கட்டியவையும் பழுதடைந்தன. ஆயினும் அதன் அடிப்படை எண்ணத்தை ஒவ்வொரு கிராமமும் சிறிய அளவில் செய்யலாம். குடாநாட்டில் ஆயிரத்தளவான சிறு குளங்களும் கேணிகளும் உள்ளன. அவை மாரி நீரைச் சில வாரங்கள் பிடித்துவைத்துக் கல்லுக்குள் இறக்குவதற்கு முன்னோர் வைத்த வாய்கள். அவற்றைக் குப்பையால் நிரப்புவதும் மண் போட்டு மேவுவதும் நமது கிணற்றின் தொண்டையை அடைப்பதற்குச் சமம்.

துலாவும் இயந்திரமும்

1950களில் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வரத் தொடங்கின. அதற்கு முன் துலா மிதித்துப் பட்டையால் இறைத்தோம். துலாவுக்கு ஓர் எல்லை இருந்தது. ஆள் களைத்தால் இறைப்பு நிற்கும், அந்த நேரத்தில் ஊற்று மீண்டும் ஊறும். இயந்திரம் களைப்பதில்லை. துலாவில் ஒரு நாள் முழுவதும் இறைத்த நீரைச் சில மணி நேரத்தில் அது வெளியே தள்ளிவிடும். இயந்திரத்தைக் குறை கூற நாம் வரவில்லை. அது எத்தனையோ முதுகுகளைக் காப்பாற்றியது. ஆனால் துலாவோடு போன அந்த ஓய்வை நாமே கணக்கிட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

மண்ணையும் மறக்கக் கூடாது. மூர்மனும் பாணபொக்கேயும் 1961ஆம் ஆண்டு இலங்கையின் மண் வகைகளை வகுத்து எழுதினர். வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவாகக் கீழே விடும் மண். மழைநீர் இறங்கும் அதே வழியால் நாம் அள்ளிப் போடும் யூரியாவும் இறங்கும், மலகூடக் குழியின் கழிவும் இறங்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு கூடியிருப்பதை 1980கள் முதல் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டி வருகின்றனர். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பால்குடிக் குழந்தைகளுக்கு இதனால் வரும் தீங்கு பெரிது. காய்ச்சி ஆற்றினாலும் நைத்திரேற்று போகாது என்பதைத் தாய்மார் கவனிக்க வேண்டும்.

நமது பழைய உறுதிகளைப் பிரித்துப் பாருங்கள். காணியோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். ஒரு கிணற்றுக்குப் பல பங்காளிகள், ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை. ஆய்வாளர் அளந்து கண்ட உண்மைக்குப் பொருத்தமான ஒழுங்கு அது. இன்று காணிக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு இயந்திரம் என்று ஆகிவிட்டது. வேலி நிலத்தைத்தான் பிரிக்கும். நான் கூட இறைத்தால் என் அயலவரின் கிணற்றிலும் மட்டம் இறங்கும்.

வன்னி நிலம் வேறு

வன்னியில் குடியேறியோர் குடாநாட்டுக் கணக்கை அங்கே போடக் கூடாது. முருங்கன், முழங்காவில், பரந்தன் போன்ற இடங்களின் கீழே சுண்ணாம்புக்கல் நீர்ப்படுகைகள் உண்டு. வவுனியாவிலும் உள்நாட்டுப் பகுதிகளிலும் இருப்பதோ இறுகிய பாறை. அந்தப் பாறைக்குள் பொந்துகள் இல்லை. மேலே உக்கிய பாறைப் படையிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். ஒரு காணியில் நீர் பொங்க, அடுத்த காணியில் கிணறு வெறுமையாக இருப்பதன் காரணம் இதுதான். இங்கே கிணற்றுக்குத் துணை குளம். குளத்தில் நீர் நிற்கும்வரை அதன் கீழேயுள்ள கிணறுகளில் மட்டம் இறங்காது. ஆகவே வன்னியில் குளக்கட்டைப் பாதுகாப்பது வயலுக்காக மட்டுமல்ல, குடிநீருக்காகவும்தான்.

விலங்குக்கும் நீர் வேண்டும்

குளத்தைச் சொன்னால் யானையையும் சொல்ல வேண்டும். வன்னியில் மீளக் குடியேறிய குடும்பங்கள் இரவில் தூங்க முடியாமைக்கு யானையும் ஒரு காரணம்.

நமது வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் 1937ஆம் ஆண்டுக்குரியது. அதன் கீழ் 1938ஆம் ஆண்டு வில்பத்து தேசிய பூங்காவாகவும், சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் 1949ஆம் ஆண்டு உருவாயிற்று. மன்னாரின் கட்டுக்கரைக்குளம் 1954ஆம் ஆண்டு சரணாலயமானது. இந்த இடங்களைக் கவனியுங்கள். வில்பத்து வில்லுகளுக்குப் பெயர்பெற்றது, மற்றவை குளமும் கடனீரேரியும். விலங்கைக் காக்கச் சென்றவர்கள் நீர் நிற்கும் இடத்தையே காத்தனர். சுண்டிக்குளம் 2015ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. ஆறுமுகம் அவர்கள் நன்னீராக்க நினைத்த அதே கடனீரேரியின் ஓரத்தில்தான் அது இருக்கின்றது.

கிழக்கே கல்லோயாத் திட்டம் இன்னொரு பாடம். 1949ஆம் ஆண்டு தொடங்கிய அணைக்கட்டினால் பெரிய நீர்த்தேக்கம் உருவாகிக் காடு நீரில் மூழ்கியது. நீரேந்து பிரதேசத்தைக் காப்பதற்காக 1954ஆம் ஆண்டு அதனைச் சூழ்ந்த காடு தேசிய பூங்காவாக்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அப்பகுதி யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். யானைக் கூட்டம் எங்கும் தறிகெட்டு அலைவதில்லை. கோடையில் நீர் நிற்கும் இடங்களை அண்டியும், மாரியில் பரந்தும், பழகிய நிலங்களிலேயே நடமாடுகின்றது. வற்றும் குளத்தின் ஓரத்துப் பசும்புல் அதற்குக் கோடை உணவு.

போர்க்காலத்தில் பல கிராமங்கள் வெறிச்சோடின. பற்றை வளர்ந்த இடங்களையும் ஆளற்ற குளங்களையும் யானை தன் நிலமாகப் பழகிக்கொண்டது. திரும்பி வந்த நாம் அதன் வழியில் வீடு கட்டியிருக்கின்றோம். 2023ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தனர். காட்டைச் சுற்றி வேலி போட்டு யானையை உள்ளே அடைக்கும் முயற்சி பெரும்பாலும் பலனளிக்கவில்லை. 2020ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட தேசிய செயற்திட்டம், கிராமத்தைச் சுற்றி நிரந்தர மின்வேலியும், வயலைச் சுற்றிப் பயிர்க் காலத்தில் மட்டும் மின்வேலியும் அமைத்து, அவற்றைக் கிராமத்தவரே பராமரிப்பதைச் சிபாரிசு செய்தது. இதிலும் தனிக் குடும்பம் ஒன்றும் செய்ய முடியாது. அயலவரோடு சேர்ந்தே செய்ய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

அந்த ஆய்வாளர்கள் முதலில் அளந்தார்கள், பிறகே முடிவு சொன்னார்கள். அதை நாமும் செய்யலாம். பெரிய கருவி வேண்டியதில்லை.

ஒன்று: ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் சிறு கல் கட்டுங்கள். மாதம் ஒருமுறை, விடியற்காலையில், இறைப்புக்கு முன், கிணற்றுக் கட்டின் ஒரே இடத்திலிருந்து நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். பாடசாலை செல்லும் பிள்ளையிடம் இவ்வேலையைக் கொடுக்கலாம்.

இரண்டு: நீரின் சுவையையும் எழுதுங்கள். உவர் தட்டினால் நீர்வளச் சபை அல்லது நீர் வழங்கல் அதிகாரிகளிடம் பரிசோதிக்கக் கேளுங்கள். ஐந்து குடும்பங்கள் கொப்பிகளோடு சென்றால் கேட்பதற்குப் பலம் அதிகம்.

மூன்று: உவர் தட்டும் கிணற்றை ஆழமாக்காதீர்கள். ஒரே மூச்சில் இறைக்காமல் இடைவெளி விட்டு இறையுங்கள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் காலை மாலை வேளைகளில் நீர் விடுவதால் ஆவியாகும் நீர் மிஞ்சும்.

நான்கு: கூரை நீரையும் முற்றத்து நீரையும் ஒழுங்கைக்கு ஓடவிடாமல் காணிக்குள்ளே இறங்க விடுங்கள். அழுக்கு நீரை மட்டும் கிணற்றுக்கு அருகே விடாதீர்கள்.

ஐந்து: நெடுங்காலம் கைவிடப்பட்ட கிணற்றுக்குள் எவரும் தனியாக இறங்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றியதாக உறுதிப்படுத்தாத காணியில் கிணற்றடிக்கே போக வேண்டாம். நச்சுக் காற்றும் வெடிபொருளும் கண்ணுக்குத் தெரியாதவை.

ஆறு: குளம் தூர்வாரும் வேலைக்கு ஊர் கூடும்போது வீட்டுக்கு ஒருவராவது செல்லுங்கள். அந்த நாளை உங்கள் கிணற்றுக்குச் செய்யும் வேலையாகவே எண்ணுங்கள்.

இடம்பெயர்ந்து வாழ்ந்த ஆண்டுகளில் நாம் எல்லோரும் ஒரே குழாயடியில் வரிசையில் நின்றோம். யார் எத்தனை வாளி எடுத்தார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொந்தக் கிணற்றுக்குத் திரும்பிய பின் அந்தக் கணக்கு யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் நிலத்தின் கீழே நாம் இன்னும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றோம். வரும் மாரிக்கு முன் ஒவ்வொரு குறிச்சியிலும் பத்துக் கிணறுகளையாவது அளந்து எழுதத் தொடங்குவோமாயின், மூன்று ஆண்டுகளில் நமது ஊர் நீரின் நிலையை நாமே சொல்லக்கூடியவர்களாவோம். எவரிடம் உதவி கேட்பதானாலும், எதை எதிர்ப்பதானாலும், அந்தக் கொப்பி நமது கையில் இருக்க வேண்டும்.